கண்மாய் வெடிக்கிறது, சுவர் ஏன் வெடிக்கவில்லை?

சித்திரை மாதத்தில் சிவகங்கைப் பக்கம் வற்றிப்போன கண்மாய் ஒன்றுக்குள் இறங்கி நடந்து பாருங்கள். தரை முழுக்கப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சில வெடிப்புகளில் முழங்கை வரை உள்ளே விடலாம். கரையேறி ஊருக்குள் வந்தால் நாற்பது, ஐம்பது வருஷத்து மண் சுவர்கள் நிற்கின்றன. மண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "கண்மாயில வெட்டுனதுதான்" என்பார்கள் வீட்டுக்காரர்கள்.

அதே மண். அதே வெயில். கண்மாய்க்குள் கிடந்தபோது ஒரே கோடையில் துண்டு துண்டானது, சுவராக நின்றபோது ஐம்பது கோடையைத் தாங்கியிருக்கிறது. எப்படி?

சுடாத செங்கல்லில் வீடு கட்ட ஆசைப்படுகிற எவரும் முதலில் விடை தெரிந்துகொள்ள வேண்டிய கேள்வி இதுதான். வீடு கட்டும் மண்ணைத் தேடிப் போகிறவர்களில் பலர் "நல்ல களிமண் எங்கே கிடைக்கும்?" என்று விசாரிக்கிறார்கள். விசாரணையே தவறான திசையில் தொடங்குகிறது. ஏன் என்று பார்ப்போம்.

ஒரு பிடி மண்ணுக்குள்

மண் என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிற பொருளில் நான்கு அளவுத் துகள்கள் கலந்திருக்கின்றன. 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது சரளை. அதற்குக் கீழே, கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிகிற வரை மணல். அதற்கும் கீழே, விரலில் தேய்த்தால் முகப்பவுடர் போல வழுக்குவது நுண்வண்டல். கடைசியாக 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது களி.

0.002 என்ற எண் மனத்தில் நிற்காது. ஒரு களித்துகளைக் கடுகு அளவுக்குப் பெருக்கியதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதே விகிதத்தில் பெருக்கினால் ஒரு மில்லிமீட்டர் மணல், ஒரு மீட்டர் அகலப் பாறையாகிவிடும். பாறைகளுக்கு நடுவே கடுகு கொட்டிக் கிடப்பதுதான் மண்ணின் உண்மையான தோற்றம்.

உருவமும் வேறு. மணல் உருண்டை, அல்லது முனையும் மூலையுமான கல். களித்துகள் அவல் போலத் தட்டை. இந்தத் தட்டைத்தன்மையிலிருந்துதான் களியின் குணம் அத்தனையும் பிறக்கிறது.

ஈர வாழையிலை

பந்தியில் நனைந்த வாழையிலை இரண்டு ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிட்டால் பிரிப்பது சிரமம். நடுவில் இருக்கும் மெல்லிய தண்ணீர் இரண்டையும் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. பக்கவாட்டில் தள்ளினால் மட்டும் வழுக்கிக்கொண்டு நகரும்.

ஈரக் களியில் நடப்பது இதுவே. ஒவ்வொரு தகட்டைச் சுற்றியும் தண்ணீர் ஒரு மெல்லிய தோலாகப் போர்த்தியிருக்கிறது. இதை நீர்த்தோல் என்று அழைப்போம். நீர்த்தோல் இருப்பதால் தகடுகள் வழுக்கும். குயவர் கை சொன்னபடி மண் வளையும். அதே தோல் பிடித்துக்கொண்டிருப்பதால் மண் உதிராது.

வெயில் பட்டதும் நீர்த்தோல் மெலிகிறது. மெலிய மெலியத் தகடுகளை அது இன்னும் நெருக்கமாக இழுக்கிறது. மிக நெருங்கிவிட்ட பிறகு, தகடுகளின் மேற்பரப்பில் உள்ள மின்னூட்டமும் அவற்றுக்கிடையே ஒட்டிக்கொண்டிருக்கும் உப்பு அயனிகளும் சேர்ந்து அவற்றைப் பூட்டிவிடுகின்றன. காய்ந்த களிமண் கல்லாக இறுகுவது இதனால்தான். இதில் ரசாயன மாற்றம் எதுவும் இல்லை. ஆகவே மறுபடி நனைத்தால் மறுபடி குழையும். சூளையில் 900 டிகிரி செல்சியஸ் வாக்கில் சுடும்போதுதான் தகடுகள் திரும்பி வரமுடியாதபடி உருமாறி ஒன்றோடொன்று உருகி ஒட்டுகின்றன.

தகடுகள் நெருங்குகின்றன என்றால் மொத்த மண்ணும் சுருங்குகிறது என்று பொருள். கண்மாய்த் தரை ஏக்கர் கணக்கில் ஒரே விரிப்பு. அது சுருங்க விரும்புகிறது. அடியில் இருக்கும் ஈர மண் விடமாட்டேன் என்கிறது. இழுபறியில் தரை கிழிகிறது. அந்தக் கிழிசல்தான் நாம் பார்க்கும் வெடிப்பு.

கடலை மிட்டாய்

அப்படியானால் சுவர் ஏன் கிழியவில்லை? கோவில்பட்டிக் கடலை மிட்டாய் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். மிட்டாயின் உடம்பு முழுக்கக் கடலை. கடலையும் கடலையும் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் மட்டும் பாகு. பாகு எவ்வளவு இறுகினாலும் மிட்டாய் சுருங்காது. கடலைகள் ஏற்கெனவே ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன, நெருங்க இடமில்லை.

சுவர் மண்ணில் கடலை என்பது மணல். பாகு என்பது களி. நல்ல மண் செங்கல்லில் பாதிக்கு மேல் மணலும் சரளையும்தான். களி ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை இருந்தால் போதும். 15 சதவீதத்துக்குக் கீழே போனால் கல் உதிரும், 30 சதவீதத்தைத் தாண்டினால் வெடிக்கும்.

கண்மாயின் நடுப்பள்ளத்தில் பாகு மட்டும் தேங்கியிருக்கிறது. ஓடிவரும் தண்ணீர் கனமான மணலை வாய்க்கால் வாயிலேயே இறக்கிவிட்டு, லேசான களியை நடுக்கண்மாய் வரை சுமந்து சென்று படியவிடுகிறது. ஊரில் சுவர் வைத்த பெரியவர்கள் அந்த நடுமண்ணை அப்படியே சுவரில் ஏற்றவில்லை. ஓரத்து மண்ணை வெட்டினார்கள், அல்லது செம்மண்ணும் ஓடை மணலும் சேர்த்து மிதித்தார்கள். "கண்மாயில வெட்டுனதுதான்" என்று இன்று சொல்லப்படும் கதையில் அந்த இரண்டாவது வேலை விடுபட்டுப் போயிற்று.

ஆகவே நாம் தேட வேண்டியது கொஞ்சம் களி கலந்த மணற்பாங்கான மண்.

களியிலும் இரண்டு சாதி

இதோடு முடிந்திருந்தால் எளிது. கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசலையும் புதுக்கோட்டைச் செம்மண்ணையும் ஒரே அளவு களி வரும்படி கலந்து கல் அறுத்தாலும் நடத்தை ஒன்றாக இருக்காது. கரிசல் கல் அதிகம் சுருங்கும்.

செம்மண்ணில் பெரும்பாலும் இருப்பது கயோலினைட் என்னும் களி. அதன் அடுக்குகள் ஒன்றோடொன்று இறுகப் பூட்டியவை. தண்ணீர் தகட்டின் வெளிப்புறத்தை மட்டும் நனைக்கும். கரிசலில் மிகுந்திருப்பது மாண்ட்மோரிலனைட். இதன் அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து அவற்றைத் தூக்கிவிடும். புத்தகத்தை மழையில் போட்டால் பக்கங்களுக்கிடையே ஈரம் ஏறி உப்புமே, அது போல.

ஒரு கிராம் கயோலினைட்டின் துகள் பரப்பை எல்லாம் விரித்துப் போட்டால் 10 முதல் 20 சதுர மீட்டர், ஓர் அறையின் தரை அளவு. ஒரு கிராம் மாண்ட்மோரிலனைட்டை விரித்தால் 800 சதுர மீட்டர் வரை போகும். கிட்டத்தட்ட 20 சென்ட் நிலம்! அத்தனை பரப்பிலும் நீர்த்தோல் போர்த்துகிறது, அத்தனையும் காய்கிறது. கரிசல் காட்டில் கோடைக்குக் கோடை ஆள் கால் புகும் வெடிப்பு விழுவது இதனால். காவிரிக் கழிமுகத்து வயல் களியும் பல இடங்களில் இந்த வகைதான்.

கரிசல் ஊரில் இருப்பவர் மனம் தளர வேண்டாம். நீர்த்த சுண்ணாம்பு கரிசலுக்கு மருந்து. சுண்ணாம்பிலிருந்து வரும் கால்சியம் தகடுகளின் மேல் ஒட்டிக்கொண்டு அவற்றை உப்பவிடாமல் பிடிக்கிறது. கலவையில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு சேர்த்து, சில நாள் ஈரத்தில் வைத்திருந்து அறுத்தால் கல்லின் குணமே மாறும்.

எங்கே தோண்டுவது

முதல் இடம் உங்கள் மனைதான். கிணறோ கழிவுநீர்த் தொட்டியோ கடைக்காலோ எதற்காகத் தோண்டினாலும் மண் வெளியே வரத்தான் போகிறது. அதைக் காசு கொடுத்து அப்புறப்படுத்திவிட்டு, இன்னொரு ஊர் மண்ணைக் காசு கொடுத்து இறக்குவது எனக்கு ஒருநாளும் புரிந்ததில்லை.

தோண்டும்போது மேல் ஓரடி மண்ணைத் தனியாக ஒதுக்குங்கள். வேரும் மட்கும் புழுவும் உள்ள மண் அது. சுவருக்குள் வைத்தால் மட்கு அழுகிக் குழி விழும், செல்லரிக்கும். தோட்டத்துக்கோ அது அமுதம். எகிப்து இந்தப் பாடத்தைக் கசப்பாகக் கற்றது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நைல் வெள்ளம் ஆண்டுதோறும் புது வண்டல் கொண்டுவந்து போட்டது. மக்கள் அதை அள்ளிச் செங்கல் அறுத்தார்கள், மறு வருஷம் பள்ளம் நிறைந்தது. 1970இல் அஸ்வான் உயர் அணை முடிந்த பிறகு வண்டல் அணைக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது. செங்கல்லுக்கு மண் எடுப்பது மட்டும் நிற்கவில்லை. வயலின் மேல்மண்ணே சூளைக்குப் போகத் தொடங்கியதும், 1980களில் அரசு சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியதாயிற்று. மண் நிறைய இருக்கிறது, ஆனால் மேல்மண் கொஞ்சம்தான்.

இரண்டாவது இடம் கண்மாய், ஏரி, ஊருணி. தூர்வாரும்போது கிடைக்கும் வண்டலில் மிகையான களி உள்ளது என்பதை நினைவில் வைத்து, மணல் சேர்க்கத் திட்டமிட்டு எடுங்கள். பொது நீர்நிலையில் கை வைப்பதற்கு முன் வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்குவது கட்டாயம். கரையை ஒட்டித் தோண்டுவது ஊருக்கே கேடு.

மூன்றாவது, புற்று மண். கறையான் ஆழத்திலிருந்து நுண்ணிய களித்துகளைப் பொறுக்கி மேலே கொண்டுவந்து, தன் உமிழ்நீரில் குழைத்து ஒட்டுகிறது. மழையில் புற்று கரையாமல் நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நம் கிராமங்களில் தரை மெழுகவும் சுவர் பூசவும் கைவிடப்பட்ட புற்றின் மண்ணைத் தேடி எடுத்தது காரணத்தோடுதான். ஆனால் ஒரு வீட்டுக்கு அது காணாது, பூச்சுக்கு வைத்துக்கொள்ளலாம்.

தவிர்க்க வேண்டியது உவர் மண். கோடையில் தரையில் வெள்ளையாக உப்புப் பூக்கும் இடங்களை விட்டு விலகுங்கள். சுவருக்குள் ஈரம் ஏறி இறங்கும்போதெல்லாம் உப்பு படிகமாக வளர்ந்து மண்ணைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளிவிடும். கடலோர ஊர்களில் சுவரின் அடிப்பாகம் அரித்துப்போய் நிற்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இன்னொரு இடமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பாட்டிலில் ஒரு நாள்

இப்போது ஒரு மனையை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். செம்மண்ணும் வண்டலும் கலந்த பூமி. ஓரடி மேல்மண்ணை நீக்கி, அதற்குக் கீழே மூன்று நான்கு இடங்களில் கை கையாக மண் எடுத்துக் கலந்துகொள்கிறோம். நேராக நிற்கும் கண்ணாடிப் புட்டி ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. மூடியை இறுக்கி நன்றாகக் குலுக்குகிறோம். ஒரு மணி நேரம் விட்டு மறுபடி குலுக்கி, ஆடாத இடத்தில் வைக்கிறோம்.

கனமானது முதலில் விழும். ஒரு நிமிஷத்துக்குள் சரளையும் மணலும் அடியில் சேர்ந்துவிடும். அங்கே பேனாவால் ஒரு கோடு. அரை மணி நேரத்தில் நுண்வண்டல் படியும், இன்னொரு கோடு. களிக்கு அவசரமே கிடையாது. அதன் எடை அவ்வளவு குறைவு, பரப்பு அவ்வளவு அதிகம். ஒரு நாள் முழுக்க ஆகும், சில மண்ணில் அதற்கும் மேல். தண்ணீர் தெளிந்ததும் மூன்றாவது கோடு.

நம் புட்டியில் மொத்தம் 10 சென்டிமீட்டர் மண் படிந்திருக்கிறது. மணல் 4.2, நுண்வண்டல் 2, களி 3.8. அதாவது களி 38 சதவீதம். இப்படியே அறுத்தால் கல் வெடிக்கும். எவ்வளவு மணல் சேர்ப்பது?

இரண்டு சட்டி மண்ணுக்கு ஒரு சட்டி மணல் என்று வைத்துப் பார்க்கலாம். இரண்டு சட்டி மண்ணில் களி 38, 38 ஆக 76 பங்கு. மணலில் களி இல்லை. 76ஐ மூன்று சட்டிக்கும் பிரித்தால் சட்டிக்கு 25. மணல், 42, 42, 100 ஆக 184. மூன்றால் வகுத்தால் 61. களி கால் பங்கு, மணல் பாதிக்கு மேல். நாம் தேடிய கடலை மிட்டாய் இதுதான்.

ஒரு எச்சரிக்கை. தண்ணீருக்குள் களி உப்பி உட்கார்வதால் புட்டி களியைக் கொஞ்சம் கூட்டியே காட்டும். ஆகவே புட்டியை நம்பி இரண்டாயிரம் கல் அறுத்துவிடக் கூடாது. 60 சென்டிமீட்டர் நீளம், 4 சென்டிமீட்டர் அகலம், 4 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு மரப்பெட்டி செய்து, உள்ளே எண்ணெய் தடவி, கலந்த மண்ணை ஈரமாக அழுத்தி நிரப்பி ஒரு வாரம் நிழலில் விடுங்கள். காய்ந்த மண்ணை ஒரு பக்கமாகத் தள்ளி இடைவெளியை அளந்து பாருங்கள். இரண்டு சென்டிமீட்டருக்குள் இருந்தால் கல் அறுக்கலாம். மூன்றைத் தாண்டினால் இன்னும் மணல் கேட்கிறது. ஒன்றுமே விலகாமல், தொட்டால் உதிர்ந்தால், மணல் மிஞ்சிவிட்டது.

அதன் பிறகு சோதனைக்கு ஐந்தாறு கல். மூன்று நான்கு வாரம் காய்ந்ததும் ஒரு கல்லை எடுத்து, இரண்டு கற்களின் மேல் பாலம் போல வைத்து, நடுவில் ஒருவர் ஏறி நிற்க வேண்டும். தாங்கினால் அந்த விகிதத்தைச் சுவரில் எழுதி வைத்துவிடுங்கள். அனுபவம் உள்ள கொத்தனார்கள் இவ்வளவையும் கையாலேயே செய்கிறார்கள். ஈர மண்ணைக் கயிறாகத் திரித்து விளிம்பில் தொங்கவிட்டு, எவ்வளவு நீளத்தில் அறுகிறது என்று பார்ப்பார்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு முன்பே அறுந்தால் மணல் அதிகம், பதினைந்துக்குப் பிறகும் தொங்கினால் களி அதிகம். நாம் புட்டியில் ஒரு நாள் காத்திருந்து அறிவதை அந்தக் கைகள் ஒரு நிமிஷத்தில் அறியும்.

எட்டடிக்கு எட்டடி

எவ்வளவு மண் வேண்டும்? உள்ளளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, ஓரடிச் சுவர், ஒன்பதடி உயரம். சுவர் நிற்கும் பரப்பு 48 சதுர அடி. உயரத்தால் பெருக்கினால் 432 கன அடி. ஒரு கதவும் இரண்டு சன்னலும் 45 கன அடியைக் கழித்துவிடும். மிச்சம் 387. பூசும் சாந்தும் அடுக்கும் சாந்தும் அதே மண்தான். அடுக்கும் சாந்து இந்தக் கணக்கிலேயே அடங்கிவிட்டது.

தோண்டிப் போட்ட மண் பொதுமிக் கிடக்கும். ஆகவே குவியலாக 500 கன அடி, நம் ஊர்க் கணக்கில் ஐந்து யூனிட் தேவை. அதில் மூன்றில் ஒரு பங்கு மணல். மீதி 333 கன அடி நம் மண். தரைக்குள் இறுகிக் கிடக்கும் நிலையில் அது ஏறத்தாழ 260 கன அடிதான். மேல்மண்ணுக்குக் கீழே நாலடி தோண்டினால், எட்டடிக்கு எட்டடிக் குழி ஒன்று அறை முழுவதற்கும் மண் தந்துவிடும். சுவரின் எடை பதினெட்டு டன் வரும். அவ்வளவையும் வெளியூரிலிருந்து ஏற்றி வருவதை நினைத்துப் பாருங்கள்.

அந்தக் குழியும் வீண் இல்லை. ஆரோவில்லில் இயங்கும் எர்த் இன்ஸ்டிடியூட் கட்டடத்துக்கு மண் எடுக்கும் பள்ளத்தை மழைநீர் சேகரிப்புக்கும் தோட்டத்துக்கும் பயன்படும்படி முதலிலேயே திட்டமிட்டுத் தோண்டச் சொல்கிறது. அவர்கள் செய்வது அழுத்திய மண் கல். ஈர மண்ணை எந்திரத்தில் அமுக்கி, பெரும்பாலும் 5 சதவீத அளவில் சிமெண்ட் சேர்க்கிறார்கள். மணற்பாங்கான மண்ணுக்குச் சிமெண்ட், களிப்பாங்கான மண்ணுக்குச் சுண்ணாம்பு என்பது பொது விதி.

கலக்கும் சாமான்கள்

மணல் ஆற்று மணலாக இருக்க வேண்டியதில்லை. ஆறுகளின் நிலைமை தெரிந்தவர் அதைக் கேட்கவும் கூடாது. எம்-சாண்ட் போதும். பக்கத்துக் காட்டுச் சரளைச் செம்மண்ணில் களி குறைவாக இருந்தால் இன்னும் நல்லது, விலையும் குறைவு. கால் அங்குலத்துக்கு மேற்பட்ட கல்லைச் சலித்து எடுத்துவிடுங்கள்.

வைக்கோல் கல்லுக்குப் பலம் தருகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். அதன் முக்கிய வேலை வேறு. பெரிய வெடிப்பு ஒன்று விழ வேண்டிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத நூறு கீறல்களாக அதைப் பிரித்துவிடுகிறது. கல்லின் நடுவிலுள்ள ஈரத்தை வெளியே கடத்திச் சீராகக் காயவும் வைக்கிறது. விரல் நீளத்துக்கு வெட்டிப் போட்டு, மண்ணோடு சேர்த்து நனைத்து இரண்டு மூன்று நாள் புளிக்க விட்டு, பிறகு மிதியுங்கள். ஊறும் நாட்களில் தண்ணீர் ஒவ்வொரு களிக்கட்டிக்குள்ளும் புகுந்து தகடுகளைப் பிரிக்கிறது. பாகு எல்லாக் கடலைக்கும் போய்ச் சேர்கிறது. அவசரப்பட்டு அன்றே குழைத்து அன்றே அறுத்த கல்லை உடைத்தால் உள்ளே கரையாத கட்டிகள் தெரியும். அந்தக் கட்டிகள் ஒட்டாத பாகு.

கருங்கல்லும் கொஞ்சம் வாங்க வேண்டும். சுடாத கல் நனைந்தால் குழையும் என்று பார்த்தோம். ஆகவே தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை கல் கட்டு, மேலே இரண்டடி நீண்ட கூரை இறவாணம். ஏமன் நாட்டின் ஷிபாம் நகரில் ஏழு மாடி வரை உயர்ந்த மண் செங்கல் வீடுகள், பெரும்பாலும் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, இன்றும் குடியிருப்பாக நிற்கின்றன. அவையும் கல் அடித்தளத்தின் மேல்தான் நிற்கின்றன, மேல்மாடிகள் சுண்ணாம்பு பூசிக் காக்கப்படுகின்றன.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்ததும் தோண்டத் தொடங்கினால், மாசியில் அறுத்து, பங்குனி முடிய கல் காய்ந்துவிடும். அறுத்த கல்லை முதல் இரண்டு நாள் நேர் வெயிலில் விடாமல் ஓலையால் மூடிவையுங்கள். மேல்தோல் முந்திக் காய்ந்தால் கண்மாயில் நடந்தது கல்லிலும் நடக்கும்.

இடிந்த வீடு

கடைசியில் சொல்வதாகச் சொன்ன இடம் இதுதான். உங்கள் ஊரிலோ, பூர்வீக மனையிலோ ஒரு மண் வீடு கூரை இழந்து இடிந்துகொண்டிருக்கலாம். அந்தச் சுவரில் இருப்பது ஏற்கெனவே மேல்மண் நீக்கி, கட்டி உடைத்து, மணல் சேர்த்து, புளிக்க வைத்து, மிதித்த மண். ஒருவர் கையாலும் காலாலும் விகிதம் கண்டு, ஐம்பது மழையில் பரீட்சை எழுதித் தேறிய கலவை. சுடப்படாதது என்பதால் அதைத் தண்ணீரில் ஊறவைத்தால் மறுபடி குழையும். அதன் களிக்கு வயதாவதில்லை. உப்பு ஏறிய அடிவரிசையை மட்டும் கழித்துவிட்டு, மீதியை வைத்துப் புதுக் கல் அறுக்கலாம். புட்டிச் சோதனை செய்தால் மணலும் களியும் எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதை அந்தச் சுவரே உங்களுக்குச் சொல்லும்.

மனையைச் சுத்தம் செய்ய ஜேசிபி வரும் நாளில் அந்த மண்ணை லாரியில் ஏற்றி அனுப்பிவிடாதீர்கள். ஒரு மூலையில் குவித்து, மழை படாமல் தார்ப்பாய் போட்டு மூடிவையுங்கள்.